கண்ணாடி போட்டவங்க திருகோணமலைக்கு வந்தா: ஆவி படியாம இருக்க என்ன செய்யலாம்

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, ஆபீஸ் கதவைத் திறந்து வெளியே கால் வச்சா, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. கண்ணாடியை மாத்தணுமா?"

மாத்த வேண்டாம் தம்பி. உங்க கண்ணாடியில ஒரு குறையும் இல்லை. ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. இதே ஊர்ல, இதே காரணத்தால, நான் ஒரு ஓட்டோவுக்கு முன்னால போய் நின்னிருக்கேன்.

வந்து ஒரு மாசம்கூட ஆகல. உச்சி வெயில் நேரம், ஏசி வேனிலிருந்து கடைத்தெருவுல இறங்கினேன். இறங்கின வேகத்துக்குக் கண்ணாடி ரெண்டு பக்கமும் வெள்ளையா மூடிக்கிச்சு. அங்கேயே நின்னிருக்கணும். ரோடு எங்கே இருக்குன்னு தெரியும்ங்கிற தைரியத்துல நடந்துட்டேன். பிரேக் சத்தம் காதுக்குப் பக்கத்துல கேட்டப்பதான் நடு ரோட்டுல இருக்கேன்னு உறைச்சது. ஓட்டோக்காரர் திட்டல. "கண்ணாடியக் கழட்டிட்டு நடங்க ஐயா"ன்னு சொல்லிட்டு, நான் ஓரத்துக்குப் போற வரைக்கும் வண்டியை எடுக்காம நின்னார். அதனாலதான் புதுசா வர்றவங்க யாரைப் பார்த்தாலும் முதல்ல இதைச் சொல்றேன்: மூடிக்கிச்சுன்னா நில்லுங்க. ஒரு அடிகூட வைக்காதீங்க. கழட்டுங்க, பிறகு நடங்க.

இங்கே பழகின பிறகு ஒரு வார்த்தையும் கத்துக்கிட்டேன். கூட வேலை செய்யற அக்கா ஒருத்தங்க, "கண்ணாடியில புகார் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னாங்க. யாரோ என் மேல புகார் கொடுத்திருக்காங்கன்னு நினைச்சுட்டேன். மூடுபனிக்குப் புகார்ங்கிறது பழைய தமிழ்ச் சொல். நாம புகார்னு சொல்றது இங்கே முறைப்பாடு.

இனி விஷயத்துக்கு வர்றேன். கடல் மூணு பக்கமும் சுத்தி நிக்கிற ஊர் இது. காத்துல ஈரம் எப்பவும் கனமா இருக்கும். 30 டிகிரி வெயில்ல, காத்தின் ஈரப்பதம் 75 சதவீதம்னு வச்சுக்குங்க. அந்தக் காத்து 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளைத் தொட்டாலும் அங்கே தண்ணியா இறங்கிடும். உங்க ஆபீஸ் ஏசி 22ல ஓடுதுன்னா, உங்க கண்ணாடியும் 22ல இருக்கு. வெளியே வந்ததும் ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்குமே, அதே கதைதான். சென்னையிலிருந்து வந்தவங்களுக்கு இது கொஞ்சம் பழக்கமா இருக்கும். கோவை, ஓசூர்ப் பக்கத்துக்காரங்களுக்குத்தான் புதுசு.

அதனால முதல் வைத்தியம் காசே இல்லாதது. ஏசியை 26, 27ல வைங்க. ஆபீஸ்ல அது உங்க கையில இல்லைன்னா, கிளம்பறதுக்கு முன்னால கண்ணாடியைக் கழட்டிச் சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி ரெண்டு நிமிஷம் வச்சுக்குங்க, உடம்புச் சூடு போதும். வேன்ல வர்றவங்க இறங்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசியை நிறுத்தச் சொல்லி ஜன்னலைத் திறந்து வைங்க. முகத்துக்கு நேரா இருக்கிற ஏசித் துளையை வேற பக்கம் திருப்பிடுங்க. கட்டுநாயக்க விமான நிலையத்துல இறங்கி, அங்கிருந்து அத்தனை மணி நேரம் ஏசி வேன் குளிர்ல உக்கார்ந்து வர்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். கொண்டு வந்த பெட்டியை இறக்கற அவசரத்துலதான் பலரும் தடுக்கி விழறாங்க.

ரெண்டாவது, கழுவறது. ஆவி படியறதைச் சவர்க்காரம் தடுக்காது. படியற தண்ணியைத் துளித்துளியா நிக்க விடாம மெல்லிய படலமா விரிச்சுடும். துளிதான் வெளிச்சத்தைச் சிதறடிச்சு வெள்ளையாக் காட்டுது. படலம் வழியாப் பார்வை தெளிவாத்தான் இருக்கும். பாத்திரம் கழுவற லிக்விட் ஒரே ஒரு சொட்டு, விரல் நுனியால ரெண்டு பக்கமும் தடவி, சாதாத் தண்ணியில அலசி, உதறிட்டுக் காய விடுங்க. காலையில ஒரு தடவை செஞ்சா எனக்கு மத்தியானம் வரைக்கும் தாங்குது. சுடுதண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் மேல இருக்கிற பூச்சு கெடும். பல் விளக்கற பேஸ்ட் கண்ணாடிக்குக் கூடவே கூடாது. அதுல இருக்கிற நுண்ணிய தூள் லென்ஸைக் கீறிடும். பேஸ்ட் வேற ஒண்ணுக்கு உதவும், கீழே சொல்றேன். கடையில விக்கிற ஆவி தடுக்கிற ஸ்பிரேயும் நல்லதுதான். உங்க லென்ஸ்ல இருக்கிற பூச்சுக்கு ஒத்துக்குமான்னு கண்ணாடிக்காரர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.

உப்பைப் பத்தித் தனியாச் சொல்லியாகணும். உப்புவெளி கடற்கரையில சாயங்காலம் ஒரு மணி நேரம் நடந்தாலே போதும், லென்ஸ் மேல மெல்லிசா ஒரு திரை விழுந்திருக்கும். அது ஆவின்னு நினைச்சுச் சட்டை முனையால துடைச்சே என் முதல் ஜோடியைப் பாழாக்கினேன். அதை வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பார்த்தா, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக் கீறல். காய்ஞ்ச உப்பு அரத்தூள் மாதிரி. கோணேசர் கோயில் மலை மேல காத்து வாங்கிட்டு வந்தாலும் இதே கதிதான். முதல்ல நல்ல தண்ணியில அலசுங்க, பிறகுதான் துணி.

இப்போ கடலுக்குள்ள போறவங்களுக்கு. நிலாவெளியிலிருந்து படகுல புறாத்தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்காம யாரும் இங்கே இருக்க மாட்டீங்க. 2003ல தேசியப் பூங்காவா அறிவிச்ச இடம். மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும் கடல் அமைதியா இருக்கும். தண்ணிக்குள்ள பார்க்கறதுக்கு முகத்துல மாட்டற கண்ணாடி மாஸ்க், அதைப் புதுசா வாங்கிட்டு முதல் தடவை பெருமையாப் போனேன். தண்ணியில முகத்தை வச்ச மறு நிமிஷம் பால் கலக்கின மாதிரி ஆயிடுச்சு. கழட்டிக் கழுவி மறுபடி போட்டாலும் அதேதான். கூட வந்தவங்க சுறா போகுது, ஆமை போகுதுன்னு கையைக் காட்டறாங்க, எனக்கு வெறும் வெள்ளை.

படகுக்காரர் என்னைப் பக்கத்துல கூப்பிட்டார். மாஸ்கை வாங்கி, "துப்புங்க தம்பி"ன்னார். நான் தயங்கவும், "உங்கட எச்சில்தானே"ன்னு சிரிச்சார். துப்பினதும் கட்டை விரலால ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டமாத் தேச்சார், மூலை முடுக்கு ஒண்ணும் விடல. கடல் தண்ணியில ஒரே ஒரு முக்கு முக்கி, கவிழ்த்து வடிச்சுக் கொடுத்தார். "ரெண்டாந்தரம் முக்கினா எல்லாம் போயிடும். மூக்கால மூச்சு விடாதீங்கோ." அதுக்குப் பிறகுதான் கருப்பு நுனித் துடுப்போட சின்னச் சுறா ஒண்ணு எனக்குக் கீழே திரும்பிப் போனதைப் பார்த்தேன்.

கடல் வெதுவெதுப்பாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் மூடுதுன்னு கேட்கலாம். உங்க முகம் அதைவிடச் சூடு. மாஸ்குக்குள்ள அடைபட்ட காத்து, முகத்தின் ஈரத்தையும் மூக்கிலிருந்து கசியற மூச்சையும் வாங்கிட்டு, தண்ணி தொடற கண்ணாடியில இறக்கி வைக்குது. அதனால போடறதுக்கு முன்னால முகத்தையும் கடல் தண்ணியில நனைச்சுக் குளிர வச்சுக்குங்க. படகுல போகும்போது மாஸ்கை நெத்தி மேல ஏத்தி வைக்காதீங்க. நெத்தி வேர்வை முழுக்க உள்ளே போகும். கழுத்துல தொங்கட்டும். சன்ஸ்கிரீன் தடவின விரலால உள் பக்கத்தைத் தொடாதீங்க.

புது மாஸ்குக்கு மட்டும் ஒரு முன்வேலை இருக்கு, எனக்கு அன்னைக்கு நடந்தது அதனாலதான். தயாரிக்கும்போது சிலிகோன்லேர்ந்து வர்ற ஒரு பிசுக்கு கண்ணாடியில ஒட்டியிருக்கும். எச்சிலுக்கும் அது முழுசா அடங்காது. வீட்டுலயே வெள்ளைப் பற்பசையை, ஜெல் வேண்டாம், உள் பக்கம் தடவி விரலால ரெண்டு மூணு நிமிஷம் அழுத்தித் தேச்சுக் கழுவுங்க. மூணு நாலு தடவை செய்யுங்க. மாஸ்க் கண்ணாடியில 'டெம்பர்டு'ன்னு, அதாவது சூட்டுல பதப்படுத்தின கண்ணாடின்னு, பொறிச்சிருந்தா மட்டும். பிளாஸ்டிக் லென்ஸ்ல செஞ்சா கீறல்தான் மிச்சம். லைட்டரால சுட்டு எடுக்கலாம்னும் சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை, ரப்பர் போயிடும்.

நீச்சல் காகிள்ஸ் வேற ஜாதி. அதுக்கு உள்ளே ஏற்கெனவே ஆவி தடுக்கிற பூச்சு இருக்கும், அதனால விரலே படக் கூடாது. நல்ல தண்ணியில முக்கி எடுத்து நிழல்ல உலர்த்துங்க. பூச்சு தேய்ஞ்ச பிறகு, குழந்தைங்க ஷாம்பு ஒரு சொட்டைத் தண்ணியில கலந்து விட்டு லேசா அலசலாம். பாத்திர லிக்விடைக் காகிள்ஸுக்குப் போடாதீங்க, பிள்ளைங்க கண்ணு எரியும். இந்த அலசலையெல்லாம் வீட்டு வாளியில முடிச்சுட்டு வாங்க. பவளப்பாறைக்கு மேல ஷாம்பு கொட்ட வேண்டாம்.

பூப்பந்து விளையாடற ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஃபிரேம் புருவத்துல இடிச்சுக்கிட்டு இருந்தா காத்து போக வழியில்லை. மூக்குத் தாங்கியைக் கொஞ்சம் நெருக்கி, கண்ணாடியை முகத்திலிருந்து தள்ளி நிக்க வைங்க. நெத்தியில ஒரு பட்டி கட்டிக்குங்க. பக்கவாட்டுல துளை வச்ச விளையாட்டுக் கண்ணாடி இருந்தா இன்னும் நல்லது.

பைக் ஓட்டறவங்களுக்கு நவம்பர், டிசம்பர் மழைதான் சோதனை. ஹெல்மெட் கண்ணாடியும் மூடும், உள்ளே உங்க கண்ணாடியும் மூடும். முன் கண்ணாடியை ஒரு படி திறந்தே ஓட்டுங்க, மூச்சு கீழே போகணும். ரெண்டும் ஒண்ணா மூடினா ஓரங்கட்டி நிறுத்துங்க, எவ்வளவு அவசரமா இருந்தாலும் சரி.

கடைசியா அந்தத் தம்பி இன்னொண்ணும் கேட்டிருந்தார், புறாத்தீவுக்கு கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டுப் போகலாமான்னு. தயவுசெஞ்சு வேண்டாம். தண்ணியில இருக்கிற கிருமி லென்ஸுக்கு அடியில தங்கினா, கருவிழியில பிடிக்கிற தொற்று பார்வையையே எடுத்துடக் கூடியது. பவர் வச்ச மாஸ்க் கிடைக்குது, அரை அரை பவரா, வலது இடது தனித்தனியாப் பொருத்தலாம். உங்க பவருக்குச் சரியா அமையலைன்னா ஒரு படி குறைவா எடுத்தாலும் தண்ணிக்குள்ள போதும். ஊருக்குப் போயிட்டு வரும்போது வாங்கிட்டு வாங்க, கண் டாக்டர் சீட்டைப் போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க.