ஆப்ட்-அவுட்டுக்குத் தமிழ்: ‘விலகுரிமை’ சரிதானா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> பிரிட்டன் பதிப்புரிமைச் சட்ட மாற்றம் பற்றிய கட்டுரையில் ‘ஆப்ட்-அவுட்’ (வேண்டாம் என்று சொல்லாதவரை சம்மதமாகக் கொள்வது) அடிக்கடி வருகிறது. ‘விலகுரிமை’ என்று ஆளலாமா? சுருக்கமாக இருக்கிறது, வாக்குரிமை, வாரிசுரிமை போல ஒட்டியும் நிற்கிறது.

சொல்லில் ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போய் உட்காரும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம்.

2024 டிசம்பர் 17 அன்று பிரிட்டன் அரசு பதிப்புரிமையையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியது. 2025 பிப்ரவரி 25 வரை அவகாசம். நான்கு வழிகளை முன்வைத்தார்கள். இருப்பதை அப்படியே விட்டுவிடுவது ஒன்று. படைப்புகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவதற்கு எப்போதும் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டத்தை இறுக்குவது இன்னொன்று. எதை வேண்டுமானாலும் அகழலாம், அதாவது கணினியால் மொத்தமாகத் திரட்டிப் பகுக்கலாம் என்று முழுதாகத் திறந்துவிடுவது மூன்றாவது. நான்காவதில் அகழலாம்தான், ஆனால் ‘என்னுடையதை எடுக்காதே’ என்று உரிமையாளர் முன்கூட்டியே அறிவித்திருந்தால் எடுக்கக் கூடாது. தனக்குப் பிடித்தது இந்த நான்காவதுதான் என்று அரசே அப்போது சொன்னது. நாம் பெயர் தேடுவதும் இதற்குத்தான்.

நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2014இல் சேர்க்கப்பட்ட 29ஏ பிரிவு வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு மட்டும் தரவகழ்வை விட்டுக்கொடுக்கிறது. அதைத் தாண்டினால் அனுமதி கேட்க வேண்டியவர் எடுப்பவர். நான்காவது வழி வந்தால், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் படைத்தவர். இதற்குப் போய் ‘உரிமை’ என்று முடிகிற சொல்லைக் கொடுத்தால், கலைஞருக்கு ஏதோ புதிதாகக் கிடைத்திருக்கிறது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். ஏற்கெனவே கையில் இருப்பதைத் தக்கவைத்துக்கொள்ளவே அவர் இனி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் தெரியவில்லை.

‘விலகு’ என்பதும் இடிக்கிறது. உள்ளே இருப்பவர்தானே விலக முடியும்? இந்தக் குழுவிலிருந்து நான் விலகலாம், நானே வந்து சேர்ந்தவன். லண்டனில் படம் வரைகிற ஓவியர் எப்போது எதில் சேர்ந்தார்?

> ஐரோப்பிய ஒன்றிய ஆவணத்தில் ‘ரைட்ஸ் ரிசர்வேஷன்’ என்று இருக்கிறதே, அதையே ‘உரிமை ஒதுக்கீடு’ என்று எடுத்துக்கொண்டால்?

நம் ஊரில் ‘ஒதுக்கீடு’ என்று எழுதிவிட்டு வேறு பொருளை எதிர்பார்க்க முடியுமா? கல்லூரி இடம் நினைவுக்கு வந்துவிடும். இந்தக் கருத்தைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்கள்: ‘உரிமை ஆசிரியருக்கே’. அந்த ஏகாரம் முழு வேலையையும் செய்துவிடுகிறது. கலைச்சொல்லாகச் சுருக்க வேண்டுமென்றால் ‘உரிமை தக்கவைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, அந்த அறிவிப்பை எப்படிக் கொடுப்பது? 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறியாணையின் 4ஆம் உறுப்பு, இணையத்தில் உள்ளவற்றுக்கு இயந்திரம் படிக்கத்தக்க வழியில் அறிவிக்கச் சொல்கிறது. ‘எடுக்காதீர்கள்’ என்று தளத்தின் விதிமுறைப் பக்கத்தில் மனிதர் படிக்கும்படி எழுதினால் போதாதா என்ற கேள்வி ஜெர்மனியில் வழக்காகவே போனது. 2024 செப்டம்பரில் ஹாம்பர்க் கீழ்நீதிமன்றம் போதலாம் என்கிற பக்கம் சாய்ந்தது. மேல்முறையீட்டில் அந்தத் தாராளம் நிற்கவில்லை. ஆக, இயந்திரத்துக்குப் புரிய வேண்டும். இன்று பரவலாக இருப்பது, தேடுபொறிகள் தளங்களைத் திரட்ட அனுப்பும் நிரல்களுக்காகத் தளத்தின் வாசலில் வைக்கிற ‘ரோபாட்ஸ்.டெக்ஸ்ட்’ கோப்பு. அது தளத்துக்குத்தான் பூட்டு, படைப்புக்கு இல்லை. ஒரு பாடகரின் குரல் அவர் தளத்திலா இருக்கிறது? யூடியூபில் பத்துப் பேர் ஏற்றியிருப்பார்கள், வானொலி நிலையம் தொகுப்பில் வைத்திருக்கும், ரசிகர் பக்கத்தில் வரிகள் கிடக்கும். அங்கெல்லாம் அவர் எந்தக் கோப்பை வைப்பார்? போதாக்குறைக்கு, ஏற்கெனவே பயிற்றி முடித்த மாதிரியிலிருந்து ஒரு பாட்டை உருவி எடுப்பது லேசான காரியமில்லை. அறிவிப்பெல்லாம் இனிமேல் நடக்கப் போவதற்குத்தான்.

பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பதிப்புரிமையை அனுபவிக்க எந்தச் சடங்குமுறையும் வேண்டாம் என்பது 1908 பெர்லின் திருத்தத்திலிருந்து அதன் அடிப்படை விதி. பதிவு வேண்டாம், முத்திரை வேண்டாம், எழுதினாலே போதும். ‘வேண்டாம்’ என்று அறிவித்தால்தான் பாதுகாப்பு என்றால் பழைய சடங்கு பின்வாசல் வழியாக வருகிறது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பலமாகவே படுகிறது.

ஆகவே ஒரே சொல்லில் அடைக்காமல் பிரித்துவிடலாம் என்பது என் யோசனை. ஆங்கிலத்தில் ஏற்பாடு, செயல், அடையாளம் மூன்றுக்கும் ‘ஆப்ட்-அவுட்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நாம் அறிவிக்கும் செயலை ‘மறுப்பறிவிப்பு’ என்போம். கோப்பில் பதிக்கிற அடையாளம் ‘மறுப்புக்குறி’. ஏற்பாட்டுக்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: மௌனம் சம்மதம். ‘மௌனச் சம்மத முறை’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

அது இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. கருத்துக்கேட்பு முடிந்த அதே நாளில் கேட் புஷ், ஆனி லெனாக்ஸ் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் சேர்ந்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். பன்னிரண்டு பதிவுகள், எதிலும் பாட்டு கிடையாது. ஆளில்லாத ஒலிப்பதிவுக் கூடங்களின் நிசப்தம் மட்டும். பதிவுகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்தால், இசைத் திருட்டை அரசு சட்டபூர்வமாக்கக் கூடாது என்று ஒரு வாக்கியம் வரும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் சட்டத்துக்கு மௌனத்தாலேயே மறுப்பு!

‘ஆப்ட்-இன்’ எளிது: முன்னிசைவு. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நம்புகிறேன்.

---

மறுமடல்

ஐயா, வணக்கம். விலகுரிமையை நான் கைவிடுகிறேன். ஆனால் ‘மௌனச் சம்மத முறை’ கலைச்சொல் மாதிரி இல்லை, ஊர்வலத்தில் பிடிக்கும் பதாகை மாதிரி இருக்கிறது. கலைஞர் தரப்பின் கட்டுரைக்குச் சரி. அரசு ஆவணத்தையே நாளை தமிழாக்க வேண்டி வந்தால் அதை எப்படிப் போடுவது?

சொல்லை வேறு துறையிலும் போட்டுப் பார்க்க வேண்டும். வேல்ஸில் 2015 டிசம்பர் முதலும் இங்கிலாந்தில் 2020 மே முதலும் உடலுறுப்புக் கொடைக்கு இதே ஏற்பாடுதான். மறுப்பைப் பதிவு செய்யாத வயதுவந்தோர், சில விலக்குகள் போக, இசைந்தவராகக் கருதப்படுவார்கள். இறந்தவரைப் பற்றி ‘மௌனச் சம்மதம்’ என்று எழுத எனக்குக் கை வராது. ‘மறுக்காவிடில் இசைவு’ என்று வைத்தால் இரண்டு இடத்துக்கும் ஒத்துவரும், யார் பக்கமும் சாயாது. நீளம்தான் குறை.

இந்தியாவையும் கொஞ்சம் பாருங்கள். தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் வெளியிட்ட பணித்தாளில் மறுக்கவே வழி வைக்கவில்லை. பயிற்றுவதற்குக் கட்டாய உரிமம், பதிலுக்கு ராயல்டி என்கிறார்கள். அங்கே மறுப்புக்குறி என்ற சொல்லுக்கே வேலை இல்லாமல் போய்விடும். நம் பட்டியலில் ‘கட்டாய உரிமம்’ இதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

---

மறுமடல்

உறுப்புக் கொடை எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. ‘மறுக்காவிடில் இசைவு’ என்றே போட்டுவிடுங்கள். மௌனச் சம்மதத்தைக் கட்டுரைத் தலைப்புக்கு வைத்துக்கொள்கிறேன், அங்கே யாரும் தடுக்க மாட்டீர்கள்.

ஆனால் ‘யார் பக்கமும் சாயாது’ என்று நிம்மதி அடைய வேண்டாம். 2025 டிசம்பரில் பிரிட்டன் அரசு வெளியிட்ட முன்னேற்ற அறிக்கைப்படி அந்தக் கருத்துக்கேட்புக்கு 11,500க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. இணையக் கேள்வித்தாள் வழியாகப் பதில் சொன்னவர்களில் 88 விழுக்காட்டினர் எப்போதும் உரிமம் வேண்டும் என்றார்கள். அரசு விரும்பிய நான்காவது வழிக்குக் கிடைத்தது 3 விழுக்காடு. மேலவையான பிரபுக்கள் அவையில் அதன் உறுப்பினர் பீபன் கிட்ரான், யாருடைய படைப்பை எடுத்தீர்கள் என்று நிறுவனங்கள் சொல்லியாக வேண்டும் என்ற திருத்தத்தை விடாமல் கொண்டுவந்தார். மேலவை பலமுறை ஏற்றும் கீழவை ஏற்கவில்லை. 2025 ஜூனில் தரவுச் சட்டம் அது இல்லாமலேயே நிறைவேறியது. எடுத்தது யாரென்று தெரியாதபோது குறி பதித்து என்ன பயன்? ஆகவே பட்டியலில் ‘மறுப்புக்குறி’க்கு விளக்கம் எழுதும்போது, ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘அறிவிப்பு’ என்று மட்டும் எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு திருத்தம். வரைவில் பல இடங்களில் ‘படைப்பாளி மறுக்கலாம்’ என்று இருக்கிறது. மறுக்க முடிந்தவர் உரிமையாளர். சிறுவர் நூலுக்குப் படம் வரைந்துவிட்டுப் பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்தவர் படைப்பாளிதான், ஆனால் குறி பதிக்கும் அதிகாரம் பதிப்பகத்திடம் இருக்கிறது. பதிப்பகம் பயிற்றுவோருக்கு உரிமம் விற்றால் ஓவியர் தடுக்க முடியாது. அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ‘உரிமையாளர்’ வருகிற இடங்களை நடை அழகுக்காகப் ‘படைப்பாளி’ என்று மாற்றிவிடாதீர்கள். திருத்திய வரைவு வந்ததும் ‘தரவகழ்வு’, ‘பயிற்றல்’ இரண்டையும் பார்க்கலாம்.