சட்டமன்றத்தின் ஆயுள்: ஐந்தாண்டா, மிச்சமிருக்கும் காலம் மட்டுமா?

கணக்குப்பிள்ளை:
2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமான 129ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவை 'ஒரே நாடு ஒரே தேர்தல்' என்ற அளவிலேயே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. சட்டமன்றத்துக்கு ஐந்தாண்டு ஆயுள் தரும் 172ஆவது பிரிவிலேயே அது கை வைக்கிறது. குடியரசுத் தலைவர் குறிக்கும் நாளுக்குப் பிறகு தேர்வாகும் சட்டமன்றங்கள் மக்களவையோடு சேர்ந்தே முடிந்துவிடும். அந்த நாள் 2029இல் குறிக்கப்பட்டால், 2031இல் தமிழ்நாடு தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்துக்கு மூன்றாண்டுதான். நடுவில் கலைந்தால், அடுத்து வருபவர்களுக்கு மிச்சமிருக்கும் காலம் மட்டும். பத்து மாதத்துக்கு ஒரு முதலமைச்சரா?

வைகைக்கரை:
ஒரே ஒரு முறை ஆயுள் குறைந்தால் குடி முழுகிப் போய்விடுமா? 1971இல் கருணாநிதி ஓராண்டுக்கு முன்பே சட்டமன்றத்தைக் கலைத்து, மக்களவையோடு சேர்த்துத் தேர்தலைச் சந்திக்கவில்லையா? இன்றைய லட்சணத்தைப் பாருங்கள். 2024 மார்ச் 16இல் தேர்தல் அறிவிப்பு வந்ததும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களைப் பூட்டினார்கள். ஏப்ரல் 19இல் நாம் வாக்களித்து முடித்தோம். ஜூன் 4 வரை காத்திருந்தோம். புதிய அறிவிப்பு கிடையாது, புதிய டெண்டர் கிடையாது. மக்களவைத் தேர்தலுக்குச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் என்ன பாவம் செய்தது?

கணக்குப்பிள்ளை:
கருணாநிதி கலைத்தது அவரே போட்ட கணக்கு; 184 இடங்களில் வென்றும் காட்டினார். தானாகக் கலைப்பதும் டெல்லியின் நாட்காட்டிக்காகக் கலைவதும் ஒன்றல்ல. அலுவலகம் பூட்டிக் கிடந்ததற்குக் காரணம் ஏழு கட்ட வாக்குப்பதிவு. இரண்டு தேர்தலையும் சேர்த்து நடத்தினால் கட்டங்கள் குறையும் என்று யார் சொன்னார்கள்?

நடுநிசி வாசகன்:
1980ஐ யாரும் தொடவில்லையே. ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுக வென்றது இரண்டே இடங்கள். மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்று சொல்லி, பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசைக் கலைத்தார்கள். மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே மக்கள் 129 இடங்களைக் கொடுத்து அவரையே திரும்ப உட்கார வைத்தார்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு. இரண்டும் ஒரே நாளில் நடந்திருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்குமா?

வைகைக்கரை:
ஏன் வராது? 2019இல் மக்களவையில் தேனி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பறிகொடுத்த அதிமுக, அதையொட்டி நடந்த 22 இடைத்தேர்தல்களில் 9ஐ வென்று ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. அவற்றில் 18 தொகுதிகளுக்கு மக்களவையோடு ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. அதே ஆண்டு ஒடிசாவில் இரண்டு தேர்தலும் சேர்ந்தே நடந்தன. சட்டமன்றத்தைப் பிஜு ஜனதா தளம் வாரிக்கொண்டது. மக்களவையில் பாஜகவுக்கு 8 இடங்கள். வாக்காளருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அவரைக் குழந்தையாக்காதீர்கள்.
மிச்சக்கால ஆயுளில் இன்னொரு நன்மையும் உண்டு. கிடைக்கப்போவது பத்து மாதம்தான் என்றால், ஆட்சியைக் கவிழ்க்கிறவனுக்கு ஆசை குறையும்.

பழைய வாத்தியார்:
ஆயுளோடு விளையாடுவது புதிதல்ல. நெருக்கடி நிலையின்போது 1976இல் 42ஆவது திருத்தம் அதை ஆறாண்டாக்கியது. 1978இல் 44ஆவது திருத்தம் திரும்ப ஐந்துக்குக் கொண்டுவந்தது. ஜம்மு காஷ்மீரில் மட்டும் 2019 வரை ஆறாண்டு நீடித்தது. நிலையான ஆட்சிதான் நோக்கமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மாற்று அரசு யாரென்று சொல்லாமல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரக் கூடாது என்பது ஜெர்மனியில் நடைமுறை. நம் சட்ட ஆணையம் 1999லேயே அந்த வழியைக் காட்டியது. ஐந்தாண்டைத் தொடவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
வைகைக்கரை, கவிழ்ப்பவன் தேர்தலுக்கா காத்திருக்கிறான்? 2019இல் கர்நாடகத்திலும் 2020இல் மத்தியப் பிரதேசத்திலும் உறுப்பினர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள், அரசு விழுந்தது, எதிர்க்கட்சி ஆட்சியில் அமர்ந்தது. இரண்டு இடத்திலும் சட்டமன்றம் கலையவே இல்லை. தேர்தலுக்குப் போனால் பத்து மாதம்தான் கிடைக்கும் என்றால், எல்லோரும் அந்தக் கொல்லைப்புற வழியாகத்தான் வருவார்கள். ஆசை குறையாது, பாதைதான் மாறும்.

வைகைக்கரை:
அது கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் இருக்கும் ஓட்டை. ராஜினாமா செய்தவர் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை மீண்டும் போட்டியிட முடியாது என்று, அந்தச் சட்டம் இருக்கும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் எழுதினால் ஓட்டை அடைபட்டுவிடும்.

கணக்குப்பிள்ளை:
எழுதட்டும். அதன் பிறகு 172க்கு வரட்டும். இந்த மசோதாவில் அப்படி ஒரு வரிகூட இல்லை.