கரண்டுக்குப் பயந்தோம், தண்ணீரை மறந்தோம்

சீனக்குடாப் பக்கம் ஓர் ஆலையில், தண்ணீரால் குளிரூட்டும் பெரிய மோட்டர் டிரைவ் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்றைப் பேனலிலிருந்து கழற்றப் போயிருந்தோம். ஆலையின் பெயர் வேண்டாம், தப்பு எங்களுடையதுதான்.

மெயின் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை என் பொக்கெட்டில் வைத்துக்கொண்டேன். கண்ட்ரோலுக்கு வேறு வழியாக வரும் 230 வோல்ட்டையும் தேடிப் பிடித்து நிறுத்தினோம். அதை மறக்கிறவர்கள் நிறையப் பேர். கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கை 5 நிமிடம் காத்திருக்கச் சொன்னது. நாங்கள் ஆறுதலாக ஒரு பிளேன்டீ குடித்துவிட்டே வந்தோம். 400 வோல்ட் சப்ளையில் ஓடும் டிரைவின் டிசி பஸ்ஸில் (உள்ளே இருக்கும் நேர்மின் இணைப்பில்) ஏறத்தாழ 565 வோல்ட் நிற்கும். பிரேக்கர் இறங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்தோம். அப்புறம் பஸ்ஸில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே, இரண்டிலிருந்தும் எர்த்துக்கு, கடைசியில் மறுபடியும் அதே பிளக்கில். செத்த மீட்டரும் சைபர்தானே காட்டும்!

இவ்வளவு பார்த்தவர்கள் தண்ணீரில் கோட்டை விட்டோம். உள்ளே வரும் வால்வை மூடினோம், திரும்பிப் போகும் வால்வை மூடவில்லை. ஹோஸைத் தளர்த்தியதுதான் தாமதம், மேல் பைப்பில் நின்றதெல்லாம் இறங்கிவிட்டது. வைத்த வாளி நிரம்பி, பக்கத்து மொடியூலின் (டிரைவில் தனியாகக் கழற்றக்கூடிய பகுதி) டெர்மினல் வரை தெறித்தது. அது வெறும் தண்ணீரும் இல்லை, கிளைக்கோல் கலந்தது. விரலில் தொட்டால் விளக்கெண்ணெய் மாதிரி வழுக்கும். என்னோடு வந்த பொடியன் சறுக்கிக் கதவைப் பிடித்துத் தொங்கினான். துடைத்துக் காயவைத்து மறுநாள்தான் கரண்ட் கொடுத்தோம். அதற்குள் ஆலைப் பூனை வாளியை முகர வந்துவிட்டது. எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும், ஆனால் நஞ்சு. பூனையை விரட்டி வாளியை மூடி வைத்தோம். அதைத் தெருக் கானில் ஊற்றிவிடாதீர்கள்.

---

தம்பி, நான் இரண்டு வால்வையும் மூடி, கீழ்க் குழாயால் வடித்தும் மாட்டிக்கொண்டவன். வடிந்தது போலத்தான் தெரியும், ஆனால் ஹீட்சிங்கின் (சூட்டை இழுத்தெடுக்கும் உலோகப் பாகம்) குறுகிய வழிகளில் மிச்சம் நிற்கும். மொடியூலைச் சற்றுச் சாய்த்தேன், எலெக்ட்ரோனிக் கார்ட்டின் மேலேயே ஊற்றியது. இப்போதெல்லாம் ஒரு வாயில் கொம்ப்ரசர் காற்றை மெதுவாக விட்டு, மற்ற வாயை ஹோஸால் கானுக்குள் இறக்கிவிடுகிறேன். கான் என்றால் தகரக் கான், தெருக் கான் இல்லை! பிறகு இரண்டு வாயையும் மூடியால் அடைத்துவிடுவேன்.

இன்னொன்று, பாரம். சில்லுப் பூட்டிய மொடியூல் என்றால் சும்மா உருண்டு வரும் என்று நினைப்போம். அது ஒடுக்கமாய் உயரமாய் இருக்கும், பாரம் மேலே. பொல்ட்டைக் கழற்றி, சாய்பலகையில் இறக்கும்போது ஒரு சில்லு விளிம்பைத் தாண்டியது. மேல் வளையத்தில் செயின் கட்டியிருந்ததால் பிழைத்தோம். முன்னால் நின்று நெஞ்சைக் கொடுத்துத் தாங்கப் போகாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள்.

---

அண்ணாமார், எனக்கு நடந்தது கழற்றிய பிறகு. மார்கழி மழை நேரம். புது மொடியூலைப் போட்டுக் குளிர் தண்ணீரைத் திறந்துவிட்டு, பேனல் கதவைத் திறந்தபடி சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் பைப் முழுக்க ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி வியர்த்திருந்தது. கடற்காற்றின் ஈரம்! நல்ல காலம், கரண்ட் இன்னும் கொடுக்கவில்லை. ஒரு கேள்வி, பைப் மூட்டில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதே, அந்தப் பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடலாமா?

---

போடாதே தம்பி. ஒரு ரிங்கில் மிச்சம் பிடிக்கப் போய், ஒழுக்குத் தேடி ஒரு ராத்திரி முழுக்க டோர்ச்சோடு குந்தியிருந்தவன் நான்.