மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்: காதுக்கு ஒண்ணாவே கேட்கிற ஆங்கில வார்த்தைகளை எப்படிப் பிரிக்கிறது?

கேட்டவர்: நாமக்கல்_நிலா

எல்லாருக்கும் வணக்கம். பயோகெமிஸ்ட்ரி டிகிரி முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் டிரெய்னிங் சேர்ந்திருக்கேன். அமெரிக்க டாக்டருங்க பேசிப் பதிவு பண்ணின ஆடியோவை மெஷின் முதல்ல ஒரு டிராஃப்ட்டா மாத்திடும். நாங்க ஆடியோவைக் கேட்டுக்கிட்டே அந்த டிராஃப்ட்டைத் திருத்தணும்.

குழப்பமான வார்த்தைகள்னு ஒரு நீளமான லிஸ்ட் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்காங்க. பேப்பர்ல பார்த்தா எல்லாம் புரியுது. ஹெட்போனை மாட்டினா ரெண்டும் ஒண்ணாயிடுது. இலியம்னு குடல்லயும் ஒண்ணு இருக்கு, இடுப்பெலும்புலயும் ஒண்ணு இருக்கு. உச்சரிப்பு துளிகூட மாறல. குறைவைச் சொல்ற ஹைப்போவா, அதிகத்தைச் சொல்ற ஹைப்பரான்னு பார்த்தா, டாக்டர் வேகமாப் பேசும்போது அந்தக் கடைசிச் சத்தம் காதுல விழறதே இல்ல. நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். அதனால எனக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல எல்லாருக்குமேவா? ஃபீல்டுல இருக்கிற அக்கா, அண்ணனுங்க எப்படிப் பிரிக்கிறீங்கன்னு சொல்லுங்க.

பதில்: கோவை_எடிட்டர்

நிலா, முதல்ல அந்தத் தமிழ் மீடியம் கவலையை விட்டுடுங்க. இலியம் ரெண்டும் அமெரிக்காவுலயே பிறந்து வளர்ந்தவங்களுக்கும் ஒண்ணாத்தான் கேட்கும். ஃபுட் பெடலை எத்தனை தடவை மிதிச்சுப் பின்னாடி போய்க் கேட்டாலும் அதுல புதுசா எதுவும் வராது. 2000-கள்ல இந்த வேலைக்கு வந்தவ நான், இப்போ குவாலிட்டி பாக்குறேன். புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: வார்த்தை புரியலைன்னா அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பக் கேட்காதீங்க, அதைச் சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க.

லிஸ்ட்டை ஜோடி ஜோடியா மனப்பாடம் பண்றதுல எனக்கு உடன்பாடே கிடையாது. ஜோடியாப் படிச்சா ஜோடியாவே ஞாபகம் வரும். அப்புறம் எது எதுன்னு முழிக்கணும். ஒவ்வொரு வார்த்தையையும் அதோட கூட்டாளிங்களோட சேர்த்துப் படிங்க. குடல் இலியத்துக்குப் பக்கத்துல டெர்மினல், குரோன்ஸ், கொலோனோஸ்கோபி, பயாப்ஸி இதெல்லாம் வரும். இடுப்பு இலியத்துக்குப் பக்கத்துல பெல்விஸ், ஃபிராக்சர், போன் கிராஃப்ட். ஸ்பெல்லிங்ல மூணாவது எழுத்து மட்டும்தான் வேற. குடலுக்கு ஈ, ஈட்டிங் ஆரம்பிக்கிற அதே எழுத்து. எலும்புக்கு ஐ, ஹிப் நடுவுல இருக்கிற எழுத்து. இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்தா கஷ்டமே இல்ல. குடலுக்கு இலியல், எலும்புக்கு இலியாக், காதுக்கே வித்தியாசம் தெரிஞ்சிடும்.

யூரிட்டர், யூரித்ரா லிஸ்ட்ல கட்டாயம் இருக்கும். அதை எண்ணிக்கையை வச்சுப் பிடிங்க. கிட்னியில இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குற குழாய் யூரிட்டர், பக்கத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு. பையில இருந்து வெளிய போற வழி யூரித்ரா, அது ஒண்ணே ஒண்ணு. அதனால லெஃப்ட், ரைட், பைலேட்டரல்னு முன்னாடி வந்தா அது யூரிட்டர்தான். சிறுநீரை வெளிய எடுக்கப் போடுற ஃபோலி கத்தீட்டர் குழாய் போற பாதைன்னா யூரித்ரா.

ஹைப்போ, ஹைப்பருக்கு எண்ணும் மருந்தும் சாட்சி. பொட்டாசியம் சாதாரணமா 3.5-ல இருந்து 5.0 வரைக்கும் இருக்கும். நீங்க தடுமாறுற வரிக்கு மேல லேப் பகுதியில 2.8-ன்னு இருந்தா ஹைப்போகலீமியா, 6.2-ன்னு இருந்தா ஹைப்பர்கலீமியா. எண்ணே இல்லைன்னா பிளான் பகுதிக்குப் போங்க. பொட்டாசியம் குளோரைடு கொடுக்கச் சொல்லியிருந்தா குறைஞ்சுதானே இருக்கணும்? தைராய்டுலயும் அதே வழிதான். லெவோதைராக்சின்னா ஹைப்போ, மெத்திமசோல்னா ஹைப்பர். இதுல மட்டும் ஒரு இடத்துல கவனமா இருங்க. பொதுவா, தைராய்டைச் சுரக்கத் தூண்டுற ஹார்மோனான டி.எஸ்.ஹெச். எண் ஏறினா தைராய்டு சுரக்கிறது குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். எண் பெருசா இருக்கேன்னு ஹைப்பர் போட்டா நோயே தலைகீழாயிடும்.

சில ஜோடிங்களை ரிப்போர்ட்டோட எந்தப் பகுதியில நிக்கிறோம்னு பார்த்தாலே பிரிச்சிடலாம். பால்பிடேஷன் நோயாளி உணர்ற படபடப்பு, அது வந்த கதையைச் சொல்ற ஹிஸ்டரியில வரும். பால்பேஷன் டாக்டர் கையால அமுக்கிப் பார்க்கிறது, அது எக்ஸாம்ல வரும். அதே மாதிரிதான் அஃபெக்ட். பள்ளிக்கூடத்துல அஃபெக்ட் வினைச்சொல், எஃபெக்ட் பெயர்ச்சொல்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க. சைக்கியாட்ரி ரிப்போர்ட்டுக்கு அது பத்தாது. மென்டல் ஸ்டேட்டஸ் எக்ஸாம்ல மூடுக்கு அடுத்து வர்ற அஃபெக்ட் பெயர்ச்சொல். நோயாளியோட முகத்துலயும் குரல்லயும் வெளிய தெரியுற உணர்ச்சிக்கு அந்தப் பேர். ஃப்ளாட், பிளண்டெட்னு ஏதாவது அடைமொழியோட வரும், அழுத்தம் முதல் அசையில விழும். பள்ளிக்கூட விதியை நம்பி அதை எஃபெக்ட்னு திருத்துறவங்களை இன்னைக்கும் பார்க்கிறேன்.

கை காலை உடம்பை விட்டு விலக்குற அப்டக்‌ஷன், உடம்பை நோக்கிக் கொண்டுவர்ற அடக்‌ஷன் வந்தா பல டாக்டருங்க அவங்களே ஏ-பி-டக்‌ஷன், ஏ-டி-டக்‌ஷன்னு எழுத்தைப் பிரிச்சுச் சொல்லிடுவாங்க. நல்ல மனுஷங்க.

மெஷின் டிராஃப்ட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அதுல எழுத்துப்பிழை இருக்காது, சிவப்புக் கோடும் விழாது. நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கிற பிளூரல் எஃப்யூஷனை, பன்மைங்கிற அர்த்தத்துல வர்ற ப்ளூரலா அது போட்டு வச்சிருந்தாலும் ஸ்பெல் செக் சரின்னுதான் சொல்லும். கண்ணு வழுக்கிட்டுப் போயிடும். டிராஃப்ட்டைப் படிச்சுக்கிட்டே ஆடியோவைக் கேட்கும்போது, கண்ணு பார்த்ததையே காதும் கேட்குறதா நமக்குத் தோணும். அதனால ஜோடி வார்த்தை வர்ற இடத்துல கண்ணை ஸ்கிரீன்ல இருந்து எடுத்துட்டு ஒரு தடவை காதால மட்டும் கேளுங்க.

இவ்வளவு பார்த்தும் பிடிபடலைன்னா பிளாங்க் விட்டு, ஆடியோ நேரத்தைக் குறிச்சு அனுப்பிடுங்க. அதுக்கு யாராவது முகம் சுளிச்சாலும் பரவாயில்ல. சொன்ன டாக்டர் நிரப்பிக்குவார். ஊகிச்சு எழுதின வார்த்தையை யாரும் திரும்பப் பார்க்க மாட்டாங்க, அது அப்படியே ஒரு நோயாளியோட ரெக்கார்டுல உட்கார்ந்துடும்.

பதில்: தேம்ஸ்_கரை

கோவை எடிட்டர் சொன்னதோட எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. ஆனா ஒரு சோடிக்கு அக்கம்பக்கம் பார்க்கிறது மட்டும் காணாது. நான் லண்டனில ஸ்ட்ரோக் வார்டில பேச்சுச் சிகிச்சையாளரா வேலை செய்யிறன். டிஸ்ஃபேஜியா எண்டால் விழுங்கக் கஷ்டம். டிஸ்ஃபேஷியா எண்டால் மொழி தடுமாறுறது, சொல்ல நினைச்ச சொல் வராது, மற்றவை சொல்லுறது விளங்காது. ஸ்ட்ரோக் வந்த ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கலாம். ரெண்டையும் பார்க்கிறதும் எங்கட ஆக்கள்தான். அப்ப அதே வார்டு, அதே ரிப்போர்ட், சில நேரம் அடுத்தடுத்த வரி. வித்தியாசம் ஒரு ஜி-யும் ஒரு எஸ்-உம் மட்டும்தான்.

இது சின்ன விசயம் இல்லை, தங்கச்சி. விழுங்கேலாத ஒருவருக்குப் பேச்சுப் பிரச்சினை எண்டு மட்டும் எழுதுப்பட்டால், வார்டில வழமையான சாப்பாட்டைக் குடுத்திடுவினம். அது மூச்சுக்குழாய்க்குள்ள போனால் நிமோனியாவில கொண்டுபோய் விடும். இங்க இப்ப மொழிப் பிரச்சினைக்கு அஃபேஷியா எண்ட சொல்லைத்தான் கூடப் பாவிக்கினம், பேச்சு முழுசாப் போகாட்டியும். டிஸ்ஃபேஜியாவோட குழம்பாமல் இருக்கிறது அதில ஒரு பெரிய நன்மை. நான் என்ர குறிப்பில விழுங்குறதில சிரமம் எண்டு சாதாரண ஆங்கிலத்திலயும் சேர்த்து எழுதிறனான்.

நினைவில வச்சிருக்க ஒரு வழி: நீங்கள் பயோகெமிஸ்ட்ரி படிச்சனீங்கள், ஃபேகோசைட் தெரியும்தானே, கிருமியைத் தின்னுற செல். அந்த ஃபேக் கிரேக்கத்தில சாப்பிடுறது. ஜி வந்தால் வாய்க்குள்ள போறது, எஸ் வந்தால் வாயில இருந்து வாறது. பேரியம் ஸ்வாலோ, பியூரே, தடிப்பாக்கின திரவம் எண்டு அதே வரியில வந்தால் ஜி எண்டு எடுக்கலாம். ஒண்டும் வராட்டி அக்கா சொன்ன மாதிரி பிளாங்க் விடுங்கோ.

பதில்: மதுரை_ஸ்டாஃப்நர்ஸ்

தங்கச்சி, உடம்பு உறுப்புக்காவது படம் போட்டுப் பார்த்துக்கலாம். மருந்துப் பேருக்கு அதுவும் கிடையாது. ஹைட்ராலசின் பி.பி.க்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். பேரு ஆரம்பமும் ஒண்ணு, முடிவும் ஒண்ணு. இந்த மாதிரிப் பேருங்கள்ல வித்தியாசப்படுற எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்துல அச்சடிக்கச் சொல்லி அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2001-ல ஒரு திட்டமே ஆரம்பிச்சது. லோசெக்னு வந்த அல்சர் மருந்து நீர் பிரியக் கொடுக்கிற லாசிக்ஸோட குழம்புதுன்னு 1990-ல அங்க பேரையே பிரிலோசெக்னு மாத்தினாங்க. 2016-லயும் பிரின்டெலிக்ஸ்ங்கிற மனச்சோர்வு மருந்து டிரின்டெலிக்ஸ் ஆச்சு, இரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற பிரிலின்டாவோட குழப்பம் வந்ததால. விக்கிற கம்பெனியே பேரை மாத்துதுன்னா, கேட்கிறவங்க காது மேல குத்தம் சொல்ல முடியுமா?

எண்ணையும் விட்டுடாதீங்க. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ரெண்டும் போன்ல ஒண்ணுதான். நாங்க வாய்மொழி ஆர்டர் வாங்கினா எழுதிட்டு, ஒண்ணு அஞ்சு, அஞ்சு பூஜ்யம்னு ஒவ்வொரு எண்ணாத் திருப்பிப் படிச்சுக் காட்டுவோம். உங்களுக்குத் திருப்பிக் கேட்க ஆள் இல்ல, அதனால அந்த மருந்தோட வழக்கமான டோஸ் என்னன்னு பார்த்து வைங்க.

நாமக்கல்_நிலா

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. மனசு லேசாச்சு. ஒண்ணு மட்டும் கேட்கிறேன். சளியைக் குறிக்கிற மியூக்கஸ் ரெண்டு ஸ்பெல்லிங்ல வருதே, அதுல சத்தமும் ஒண்ணு, உறுப்பும் ஒண்ணு. அதுக்குக் கூட்டாளி வார்த்தையும் உதவாதே?

கோவை_எடிட்டர்

உதவும், இந்தத் தடவை இலக்கணமா. சளியையே சொன்னா பெயர்ச்சொல், யூ-எஸ்-ல முடியும். திக் மியூக்கஸ், மியூக்கஸ் வந்ததுன்னு வரும். பின்னாடி இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியா நின்னா ஓ-யூ-எஸ், மியூக்கஸ் மெம்பிரேன் மாதிரி. ஃபைப்ரஸ், வீனஸ் எல்லாம் ஓ-யூ-எஸ்ல முடியுதில்லையா, அந்த வரிசை. ஒரு விதிவிலக்கு: மியூக்கஸ் பிளக்-ல பிளக் ஆகியிருக்கிறதே சளிதான், அதனால அங்க பெயர்ச்சொல் ஸ்பெல்லிங்கையே போடுங்க.

தேம்ஸ் கரை சொன்ன ஜோடியை, ஸ்ட்ரோக் ரிப்போர்ட்ல எவ்வளவு தெளிவாக் கேட்டாலும் நான் இன்னொரு தடவை கேட்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

ரேடியாலஜி ஆரம்பிச்சதும் டிஸ்கிரீட் வரும், தினமும் வரும். அதுலயும் சத்தம் ஒண்ணு, ஸ்பெல்லிங் ரெண்டு. கட்டி தனியாத் தெரியலைன்னு டாக்டர் சொல்ற இடத்துல ரெண்டு ஈ-க்கு நடுவுல டி நிக்கிற ஸ்பெல்லிங். ரெண்டு ஈ-யும் ஒட்டி நிக்கிறது விஷயத்தை வெளிய சொல்லாம பதமா நடந்துக்கிறவங்களுக்கு. எக்ஸ்-ரே ரிப்போர்ட்ல அதுக்கு வேலை இல்ல.