மீன்பிடி உரிமை ஏலம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கலந்துரையாடல் நடத்தப்போகிறேன். கடலில் மீன் பிடிக்கும் உரிமையைச் சந்தை மூலம் பங்கிடலாமா என்பதுதான் தலைப்பு.

சிங்கப்பூரில் 1990 முதல் சிஓஇ (வாகனம் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) ஏலம் நடப்பதால், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து உரிமையை விற்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். நியூசிலாந்து 1986இல் கோட்டா முறையை, அதாவது மொத்தப் பிடிப்புக்கு வரம்பு வைத்து ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு தரும் முறையைக் கொண்டுவந்தபோது, பெரும்பாலும் பழைய பிடிப்புக் கணக்கைப் பார்த்தே பங்கு கொடுத்தது. வாங்கல் விற்றல் எல்லாம் அதன் மேல் வந்ததுதான். அலாஸ்காவில் ஹாலிபட் மீன் பிடிக்க முன்பு பல பகுதிகளில் ஆண்டுக்குச் சில நாள்தான் அனுமதி இருந்தது. காற்று பலமாக அடித்தாலும் படகை இறக்கியாக வேண்டியிருந்தது. 1995இல் தனிநபர் கோட்டா வந்ததும் பருவம் ஏறக்குறைய எட்டு மாதமாக நீண்டது. உயிர் காக்கும் இந்த மாற்றத்தை மனதார மதிக்கிறேன். ஆனால் கோட்டா விலை ஏறிவிட்டால், கைமுதல் இல்லாத இளைஞன் தொழிலுக்குள் எப்படி வருவான்? இதுதான் என்னை உறுத்துகிறது.

நாகப்பட்டினம், ராமேசுவரம் பக்கத்து மீனவக் குடும்பத்தினர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? விசைப்படகையும் நாட்டுப்படகையும் ஒரே ஏலத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மாணவர்களிடம் பேச வேண்டும். நியூசிலாந்தில் மீன் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், ஆண்டுப் பிடிப்பு உரிமை அங்கே எப்படிக் கைமாறுகிறது என்று விளக்கினாலும் பேருதவி. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போதும். வர முடியாதவர்கள் கீழே எழுதுங்கள், அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.