மறு: மனிதனின் சிறுமைக்கு ஒரு சொல்: நொய்ம்மை?

> 'தாழ்மை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, கடவுளுக்கு முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். 'தாழ்மை' தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவர்களுக்குத் தாழ்மை ஒரு நற்குணம். பழகிப் பழகி வரவழைத்துக்கொள்வது. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் அதற்கு 'அனவா' என்று தனிச்சொல் இருக்கிறது. நாம் தேடுவது ஒரு நிலையின் பெயரை. வேதாகமத்தில் ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் தேசங்கள் எல்லாம் வாளியில் ஒட்டிய ஒரு துளி, தராசில் படிந்த தூசி. அந்தத் தேசங்களுக்குப் பணிவு இருந்ததா என்ற பேச்சே அங்கே இல்லை.

'இழிவு' வேண்டவே வேண்டாம். எட்டாம் சங்கீதம் நிலாவையும் நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டு, இந்த மனிதனைப் போய் நினைக்கிறீரே என்று வியக்கிறது. அடுத்த வசனத்திலேயே அவனுக்கு முடிசூட்டியும் விடுகிறது. இழிந்தவனுக்கு யார் முடிசூட்டுவார்?

அந்தத் தராசுக்கு வருவோம். மகிமை என்று நாம் படிக்கிற 'காவோத்' என்ற சொல்லின் வேருக்குப் பாரம் என்று பொருள். 1 சாமுவேல் 4-இல் ஆசாரியர் ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து சாகிறார். வயது 98, உடம்பு 'காவேத்', அதாவது கனத்த உடம்பு. அதே அதிகாரத்தில் பிறக்கிற பேரனுக்கு மகிமை போயிற்று என்று சொல்லி இக்கபோத் எனப் பெயர் வைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேர். எதிர்த்தட்டில் 'ஹெவெல்': மூச்சு, நீராவி. 62-ஆம் சங்கீதத்தில் மனிதரை நிறுத்தால் தட்டு மேலே போகிறது, ஹெவெலைவிட லேசு. (நம் பழைய மொழிபெயர்ப்பு இதை மாயை என்றது, வேதாந்தம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குத் தனி இழை வேண்டும்.)

நமக்கும் 'கனம்' என்றால் எடை, மதிப்பு இரண்டும்தான். அதற்கு ஜோடியாக 'நொய்ம்மை' சரியாக வரும் என்று நினைக்கிறேன்: எடைக்குறைவு, வலுவின்மை இரண்டும் அதில் உண்டு. முறத்தில் கொழிக்கும்போது ஒதுங்கும் நொய்யைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதுவும் அரிசிதான், கஞ்சிக்கு ஆகும். 'பதர்' என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலாம் சங்கீதம் அதைத் துன்மார்க்கருக்கு என்று ஒதுக்கிவிட்டது.

ஒரு குறை உண்டு. யோபு 25-இல் யோபுவின் நண்பன் பில்தாத் மனிதனைப் புழு என்கிறான். அதில் எடைக்கணக்கு இல்லை, அருவருப்புதான். அந்த இடத்துக்குச் 'சிறுமை'யே போதும்.

இப்போதைக்கு 'மானுட நொய்ம்மை' என்று நம் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். 'நொய்ம்மையை', 'நொய்ம்மையால்' என்று உருபு சேர்த்து யாராவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்குகிறதா என்று.