மறு: ‘சிப்பிநஞ்சு’ போதாது, ‘இரைவழி நஞ்சு’ என்போம்

அன்புள்ள நண்பர்களே,

கடலுயிர்களின் உடலில் சேரும் நஞ்சுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் நான்கு: மீன்நஞ்சு, சிப்பிநஞ்சு, பாசிநஞ்சு, செவ்வலை நஞ்சு (நுண்பாசி பெருகிக் கடல்நீர் சிவப்பதுதான் செவ்வலை). நான்கிலும் சிக்கல் ஒன்றுதான். நஞ்சு முதலில் எங்கே கண்ணில் பட்டதோ அந்த இடத்தின் பெயரை அதற்கு வைத்துவிட்டோம். நாம் தேடுவது, தின்ற இரையோடு ஓர் உயிருக்குள் வந்து, அந்த உயிரைத் தின்னும் அடுத்த உயிருக்குக் கைமாறும் நஞ்சுக்கு ஒரு பெயர். அதற்கு ‘இரைவழி நஞ்சு’ என்பதை முன்வைக்கிறேன்.

சிப்பிநஞ்சுக்குத்தான் இங்கே ஆதரவு அதிகம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த சிப்பிகளைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிலருக்குப் போன நினைவாற்றல் போனதுதான். காரணம் டோமோயிக் அமிலம். சூடோநிட்சியா என்ற டயாட்டம் (கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி) அதை உண்டாக்க, கடல்நீரை வடிகட்டித் தின்னும் சிப்பிகளின் உடலில் அது சேர்ந்திருந்தது. அன்று முதல் நோயின் பெயரில் சிப்பி ஒட்டிக்கொண்டது. ஆனால் 1991-இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் செத்து விழுந்தபோது அவை தின்றிருந்தது நெத்திலி. 1998 மே, ஜூன் மாதங்களில் கலிபோர்னியாவின் நடுப்பகுதிக் கடற்கரையில் 400-க்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் இறந்தன. அப்போதும் நெத்திலிதான் நஞ்சைக் கொண்டுவந்தது. அதே நாட்களில் அங்கே எடுத்த சிப்பிகளிலோ டோமோயிக் அமிலம் இல்லவே இல்லை, அல்லது பெயரளவுக்கே இருந்தது. சிப்பியை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடல் நலமாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். சொல்லுக்குள் சிப்பியை வைத்தால் தேடுகிறவர்களின் கண்ணும் சிப்பிக்கே போகும் என்பதுதான் என் கவலை.

அந்த விலங்குகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டோமோயிக் அமிலம் மூளையில் நரம்புச் செய்தியை வாங்கும் குளூட்டமேட் ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு நரம்பணுக்களை ஓயாமல் தூண்டும். வலிப்பு வரும், தலை இருபுறமும் ஆடிக்கொண்டே இருக்கும், சினையாக இருந்தால் குட்டி கலையும். பிழைத்தாலும் பலவற்றுக்கு நினைவைக் காக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் சேதமாகிவிடுகிறது. இடம் நினைவில் நிற்காத கடற்சிங்கத்துக்கு இரை தேடுவதே பெரும்பாடு. நெத்திலிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நஞ்சைக் குடலில் வைத்துக்கொண்டு அது பாட்டுக்கு நீந்தும். அதனால் ‘மீன்நஞ்சு’ என்று மீனின் தலையில் பழியைப் போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. கல்மீனும் திருக்கையும் தம் முள்ளில் தாமே நஞ்சை ஊறவைக்கின்றன. அதற்கு வேண்டுமானால் அந்தச் சொல் இருக்கட்டும்.

பேத்தை மட்டும் தானே நஞ்சு சுரக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அதன் நஞ்சான டெட்ரோடோடாக்சினை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். நஞ்சில்லாத தீனி கொடுத்து வளர்த்த பேத்தையின் உடலில் நஞ்சு சேர்வதில்லை. ‘பாசிநஞ்சு’ எல்லாவற்றுக்கும் பொதுச்சொல் ஆக முடியாததற்கும் இதுவே காரணம்.

செவ்வலையைப் பொறுத்தவரை ஒரே நிகழ்வு போதும். 2004-இல் புளோரிடாவின் வடமேற்குக் கரையோரம் 107 ஓங்கில்கள் (டால்பின்கள்) இறந்தன; வயிற்றில் செவ்வலைப் பாசியின் நஞ்சான பிரெவிடாக்சின் ஏறிய மென்ஹேடன் மீன்கள் இருந்தன. அப்போது அங்கே கடலில் செவ்வலை எதுவும் காணப்படவில்லை.

அப்புறம், ‘உருப்பெருக்கம்’ (ஒன்றை ஒன்று தின்னத் தின்ன நஞ்சு செறிந்துகொண்டே போவது) என்பதைச் சொல்லில் சேர்க்கலாமா என்ற கேள்வி. சிகுவாடாக்சின் என்ற நஞ்சுக்கு அது ஓரளவு பொருந்தும்: பவளத்திட்டில் பாசி மேயும் சிறுமீனிலிருந்து களவா, சீலா, அஞ்சாலை என மேலே போகப்போகத் தசையில் சேரும், சமைத்தாலும் அழியாது. நெத்திலியின் குடலில் உள்ள டோமோயிக் அமிலமோ சேர்ந்துகொண்டே போவதில்லை, சீக்கிரமே வெளியேறிவிடும். இரண்டுக்கும் பொதுவானது வந்த வழி மட்டுமே.

இரை என்ற சொல்லைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. வேட்டையாடிப் பிடிப்பதும் இரைதான், கோழிக்குப் போடும் தீனியும் இரைதான். சிப்பி வடிகட்டும் டயாட்டத்தையும் கடற்சிங்கம் விழுங்கும் நெத்திலியையும் ஒருசேரச் சொல்ல இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. இரைப்பை என்ற சொல் பழகிய யாருக்கும் இது உடனே விளங்கும். ‘உணவுவழி நஞ்சு’ என்றால் கெட்டுப்போன சாப்பாடுதான் நினைவுக்கு வரும்.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். 1996-இல் புளோரிடாவில் 149 மானட்டிகள் (கடற்பசு வகை) இறந்தபோது அவை பிரெவிடாக்சினைப் பெருமளவு மூச்சோடு இழுத்திருந்தன. அது இரைவழி வந்தது ஆகாது. அங்கே ‘பாசிநஞ்சு’ சரியான சொல். நஞ்சின் பிறப்பைக் குறிக்க அதை வைத்துக்கொள்வோம். சாக்சிடாக்சின், டோமோயிக் அமிலம் போன்ற நஞ்சுகளின் பெயர்களை ஒலிபெயர்த்தபடியே விட்டுவிடலாம்.

கிளைச்சொற்களும் தாமாகவே வருகின்றன. பேத்தைபோல் தன் இனத்துக்கே நஞ்சு இயல்பாகிவிட்டது ‘நச்சுமீன்’. சில காலம் மட்டும் நஞ்சைச் சுமப்பது ‘நஞ்சேறிய மீன்’. தின்றவருக்கு நேர்வது ‘இரைவழி நஞ்சேற்றம்’. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “அமெரிக்காவின் கேப் காட் விரிகுடாவில் 1987-இல் 14 கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இரைவழி நஞ்சேற்றத்தால் இறந்தன, அவை தின்றது சாக்சிடாக்சின் ஏறிய கானாங்கெளுத்தி.”

வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதே வாக்கியத்தில் அதைப் பொருத்தி எழுதிக் காட்டுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பேசலாம்.